சக்கரத்துக்கு அடங்காத மண்

மண்பாண்டம் செய்யக் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளில் யாரும் சக்கரத்தைக் கொடுப்பதில்லை. ஒரு பிடி களிமண்ணைக் கையில் கொடுத்து, கட்டைவிரலால் நடுவில் குழித்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக் கிண்ணமாக்கச் சொல்கிறார்கள். அடுத்து, மண்ணைக் கயிறாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கிச் சுவர் எழுப்புவது. அதற்கடுத்து, சப்பாத்திக் கட்டையால் மண்ணைத் தகடாகத் தேய்த்து வெட்டி, ஓரங்களைக் கீறிக் குழம்புமண் தடவி ஒட்டுவது. சென்னையானாலும் புதுச்சேரியானாலும் பயிற்சிக்கூடங்களில் பெரும்பாலும் இதே வரிசைதான். கையால் செய்வது ஆரம்பநிலை, சக்கரம்தான் உண்மையான தொழில் என்ற எண்ணம் இந்த வரிசையோடு சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடுகிறது. வருகிறவர்கள் கைவேலை வாரங்களைப் பொறுத்துக்கொண்டு கடந்து, சக்கரத்தின் முன் உட்காரும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். மண்ணின் வரலாறு இந்த எண்ணத்துக்குத் துணை நிற்கவில்லை. கையால் எழுப்பும் முறை சக்கரம் வந்த பிறகும் அதற்குப் பக்கத்திலேயே நின்றது; பல இடங்களில் சக்கரத்தால் முடியாததை முடித்துக் காட்டியது. தமிழகத்திலேயே இதற்குச் சாட்சியங்கள் ஏராளம். புதைகுழியிலும் இருக்கின்றன, ஐயனார் கோயில் வாசலிலும் இருக்கின்றன.

காலக்கணக்கை முதலில் பார்த்துவிடலாம். செக் நாட்டின் டோல்னி வெஸ்தோனிட்சே என்ற இடத்தில் 1925இல் கிடைத்த சுடுமண் பெண்ணுருவம் 25,000 ஆண்டுகளுக்கும் முந்தியது. சீனாவின் ஷியான்ரென்டொங் குகையில் கிடைத்த பானையோடுகள் ஏறக்குறைய 20,000 ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2012இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஜப்பானின் ஜோமோன் மக்கள், கயிற்றை அழுத்திப் பதித்த அலங்காரத்தோடு பல்லாயிரம் ஆண்டுகள் கையாலேயே பானை செய்தார்கள். வேகமாகச் சுழலும் குயவர் சக்கரம் மேற்காசியாவில் பரவியது கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில்தான். மனிதர் மண்ணைச் சுட்ட காலத்தில் முக்கால் பங்கு சக்கரம் இல்லாமலே கழிந்திருக்கிறது. ஆனால் பழமையை மட்டும் வைத்து வாதாட முடியாது. பழையது என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது. சக்கரம் வந்ததும் கைவேலை வழக்கொழிந்தது என்று ஒருவர் சொன்னால், இந்த ஆண்டுக்கணக்கு அவருக்குத்தான் வலுச் சேர்க்கும். ஆகவே கேள்வியை வேறுவிதமாகக் கேட்க வேண்டும். சக்கரம் கையில் இருந்தும் குயவர்கள் எதையெல்லாம் கையால் செய்தார்கள், ஏன் செய்தார்கள்?

சிந்துவெளி நகரங்களில் சக்கரம் நன்றாகப் பழகிப்போன கருவி. அங்கே கிடைத்த பானைகளில் பெரும்பகுதி அதில் வனைந்தவை. அதே வீடுகளிலிருந்துதான் கிள்ளியும் உருட்டியும் ஒட்டியும் செய்த பெண்ணுருவங்களும், திமில் காளைகளும், பொம்மை வண்டிகளும் கூடைகூடையாகக் கிடைத்தன. மூக்கு வேண்டுமா, மண்ணை இரு விரலால் கிள்ளினால் வந்துவிடும். கண்ணுக்கு ஒரு சின்ன மண்ணுருண்டை போதும். இந்த வேலையைச் சக்கரம் தொடவே முடியாது. கடலுக்கு அப்பால் அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் வருகிறவரை குயவர் சக்கரம் என்ற பொருளே கிடையாது. பெரு நாட்டு வடகடலோரத்தின் மோச்சே மக்கள் அச்சையும் கையையும் மட்டும் வைத்துக்கொண்டு, தனித்தனி மனிதர்களின் முகத்தை அடையாளம் காணும்படி குடுவைகளில் வடித்தார்கள். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் சக்கரம் என்ற அடுத்த படிக்கு வராதவர்கள் என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. படி என்ற கணக்கே அங்கு பொருந்தவில்லை.

தமிழகத்துக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் முதலில் தோண்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவாகத் தோண்டினார். 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் இறங்கியது. ஒவ்வொரு முறையும் வெளிவந்தவை முதுமக்கள் தாழிகள். ஓர் ஆளைக் கால் மடக்கி உட்காரவைக்கும் அளவுக்குப் பெரிய, அடி குவிந்த, தடித்த சுவர் கொண்ட மண்கலங்கள். அவற்றுக்குள்ளும் சுற்றியும் வைக்கப்பட்ட சிறு கிண்ணங்களும் மூடிகளும் மெல்லிய சுவரும் பளபளப்பும் உள்ள கறுப்பு-சிவப்புக் கலங்கள். அந்தச் சிறு கலங்களின் வட்டமும் ஒழுங்கும் சுழற்சியால் வந்தவை. தாழியின் கதை வேறு. கையால் தள்ளிச் சுழற்றும் சக்கரத்தின்மேல் அவ்வளவு மண்ணை ஒரே மூச்சில் ஏற்றி இழுக்க முடியாது. ஏற்றினாலும் ஈரமண் தன் எடையைத் தானே தாங்காமல் உட்கார்ந்துவிடும். கொஞ்சம் எழுப்பி, அது இறுகும்வரை காத்திருந்து, மறுபடி மண் சேர்த்து எழுப்புவதுதான் வழி. அதாவது ஒரே சமூகம், ஒரே சடங்குக்கு, சிறியதைச் சுழற்றியும் பெரியதைக் கட்டியும் செய்தது. அறியாமையால் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். பொருளுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தவர்கள்தான் செய்வார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது தாழி செய்யும் குயவரை விளிக்கிறார். அவ்வளவு பெரிய அரசனுக்குத் தாழி வனைய நிலவுலகையே சக்கரமாகவும் பெருமலையையே மண்ணாகவும் கொள்ள வேண்டியிருக்குமே, உன்னால் ஆகுமா என்று கேட்கிறார். சங்ககாலப் புலவரே தாழியைச் சக்கரத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கும்போது, தாழி கைவேலை என்பது எப்படிச் சரியாகும்? மறுப்பு நியாயமானது. தாழியின் வாய்விளிம்பைச் சுழற்றி ஒழுங்குபடுத்துவதும், அடித்தளத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே சுவர் எழுப்புவதும் நடந்திருக்கலாம். சக்கரத்தின் பங்கை முற்றாக விலக்க வேண்டியதில்லை. புலவர் பேசுவது குயவரின் அடையாளக் கருவியை வைத்து, இழப்பின் பெருக்கத்தை அளக்க. தொழில் விளக்கம் அவர் நோக்கமில்லை. மேலும், சாட்சியம் தாழியோடு நின்றுவிடவில்லை. சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் கிடைத்த ஈமப்பேழைகளைப் பாருங்கள்: நீள்வடிவத் தொட்டிபோன்ற உடல், அடியில் வரிசையாகப் பல கால்கள், மேலே கவிந்த மூடி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்டவற்றை நேரில் காணலாம். சக்கரம் தருவது வட்டம் மட்டுமே. நீள்தொட்டியைத் தகடு வைத்தும் மண் அடுக்கியும் கையால்தான் கட்டியாக வேண்டும். பாட்டுக்கு என்ன பொருள் கொண்டாலும், இந்தப் பேழைகளுக்கு வேறு விளக்கம் கிடையாது.

சரி, சமையலறைப் பானை? அது சக்கரத்தின் பிள்ளை என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். அதிலும் பாதிதான் உண்மை. நம் ஊர்க் குயவர் சக்கரத்தில் வனைந்து அறுத்தெடுக்கும்போது சோற்றுப் பானைக்கு அடி இருக்காது. சுவரும் தடிப்பாக இருக்கும். அதை நிழலில் வைத்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் மடியில் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு கையில் வழவழப்பான உருண்டைக் கல், வெளியே இன்னொரு கையில் தட்டுப்பலகை. கல் நிற்கும் இடத்துக்கு நேராகப் பலகை விழ வேண்டும். ஒரு விரற்கடை தப்பினால் சுவர் கிழியும். தட்டத் தட்ட மண் மெலிந்து விரிகிறது, வாய்போலத் திறந்திருந்த அடி கொஞ்சம் கொஞ்சமாகக் குவிந்து மூடிக்கொள்கிறது. உருண்டை அடி அழகுக்காக வைத்ததில்லை. மூலையில்லாத வளைவில் சூடு சீராகப் பரவுவதால் பானை விரிசல் விடாது. தட்டும்போது மண்துகள்கள் நெருங்கிச் சுவரும் உறுதிப்படும். மானாமதுரைக் கடம் இதன் உச்சம். வனைந்தெடுத்த பானையை ஆயிரக்கணக்கான தட்டுகளால் சுவர் முழுதும் ஒரே கனமாக்கினால்தான் சுருதி நிற்கும். அங்கே தட்டும் வேலையைச் செய்து சங்கீத நாடக அகாதமியின் விருது பெற்றவர் மீனாட்சி கேசவன். சக்கரம் கொடுத்தது கடத்தின் உருவை. நாதத்தைக் கொடுத்தது அவருடைய கை.

கைவேலையின் முழு வலிமையைக் காண வேண்டுமென்றால் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களின் ஐயனார் கோயில்களுக்குப் போக வேண்டும். புதுக்கோட்டை அருகே நமணசமுத்திரத்தில் சுடுமண் குதிரைகள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. முன்வரிசையில் நிறம் மங்காதவை, பின்னால் போகப் போகக் காலுடைந்து, பாசி படிந்து, மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருப்பவை. ஒவ்வொன்றும் ஒரு நேர்த்திக்கடன். ஊர் கூடி, ஐயனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்பு விழா என்று முடிவானதும், கோயில் நிலத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, வேளார் எனப்படும் குயவரிடம் முறைப்படி கொடுப்பார்கள். பிடிமண் கொடுப்பது என்று இதற்குப் பெயர். அந்த மண்ணைத் தன் மண்ணோடு சேர்த்துப் பிசைந்துதான் வேளார் வேலை தொடங்குவார். மதுரைப் பகுதியில் இதை ஆராய்ந்த ஸ்டீபன் இங்லிஸ் காட்டியதுபோல, பல ஊர்களில் உருவம் செய்கிறவரே அந்தக் கோயிலின் பூசாரியும்கூட. தெய்வத்துக்கான பொருள் என்று வந்தபோது, அந்தச் சமூகம் தன் மிகப் பெரிய, மிகக் கடினமான வேலையைக் கையிடம் ஒப்படைத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

குதிரைக்கான மண் பானைக்கான மண் போன்றதல்ல. கண்மாயிலிருந்து எடுத்த களிமண்ணோடு மணலையும் உமியையும் தாராளமாகச் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். வெறும் களிமண் காயும்போது நிறையச் சுருங்கும். தடித்த சுவரில் வெளிப்புறம் முதலில் சுருங்கி உட்புறம் பிந்தினால் வெடிப்புத்தான். மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி நீராவி வெளியேற வழி விடுகிறது, பிறகு தீயில் தானும் எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. முதலில் எழுவது நான்கு கால்கள், உள்ளே கூடான தூண்களாக. அவை இறுகி நின்ற பிறகே வயிறு. மண்ணைக் கைக்கு அடங்கும் திரிகளாக வைத்து, உள்ளங்கையால் அழுத்தி இணைத்து, பலகையால் தட்டி, அன்றைய அளவு எழுந்ததும் நிறுத்திவிடுவார்கள். மேல்விளிம்பு மட்டும் காயாதபடி ஈரத்துணியோ வைக்கோலோ போர்த்தி வைத்து, மறுநாள் அதன்மேல் தொடர்வார்கள். அவசரப்பட்டால் கால் வளைந்து உடல் சரியும்; தாமதித்தால் நேற்றைய மண்ணும் இன்றைய மண்ணும் ஒட்டாது. அந்தப் பதத்தை விரல்தான் சொல்ல வேண்டும். கழுத்தும் தலையும் ஏறிய பிறகு, மணிமாலை, கடிவாளம், சேணத்தின் குஞ்சங்கள் எல்லாம் சிறு உருண்டைகளும் பட்டைகளுமாக ஒட்டப்படும். சூளைக்குள் அடங்காத பெருங்குதிரையை நின்ற இடத்திலேயே விறகும் வறட்டியும் வைக்கோலும் சூழ அடுக்கி, மேலே மண் பூசிச் சுடுவார்கள். சூளை குதிரையைச் சுற்றி வந்து எழும்பும். நெருப்பு அணைந்ததும் கலைந்துபோகும்.

சில ஊர்களில் கால்களையும் கழுத்தையும் சக்கரத்தில் குழாயாக வனைந்து பொருத்துகிறார்கள் என்பது உண்மை. அது என் வாதத்துக்கு எதிரானதில்லை. சக்கரத்தைக் கைவேலையின் உதவியாளாக வைத்துக்கொள்ளும் தொழில் அது. வரிசையில் எது மேல், எது கீழ் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: தாழியும் குதிரையும் சடங்குப் பொருள்கள்; சடங்கு பழைய முறைகளை விடாமல் பிடித்துக்கொள்ளும்; அன்றாடப் புழக்கத்துக்கு வந்தால் கைவேலை தோற்றுவிடும் என்பார்கள். நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் சௌரா தீவு இதற்குப் பதில் சொல்கிறது. அங்குப் பெண்கள் சக்கரமே இல்லாமல், மண்திரிகளை அடுக்கிச் சமையல் பானை செய்தார்கள். மண்ணைத் தெரசா தீவிலிருந்து படகில் கொண்டுவந்தார்கள். மற்றத் தீவுக்காரர்கள் பானைக்குச் சௌராவை நம்பியிருந்தார்கள். மணிப்பூரின் ஆந்த்ரோவில் பெண்கள் மண்ணைத் தகடாக்கி உருளையாகச் சுற்றி, அதைத் தாங்களே சுற்றி நடந்து பானையாக்குகிறார்கள். அங்குச் சுழல்வது செய்கிறவர். பானை நின்ற இடத்தில் நிற்கிறது. அதே மாநிலத்து லோங்பி ஊரின் கறுப்புச் சட்டிகள், பாறையை இடித்த தூளும் மண்ணும் கலந்து சக்கரமில்லாமல் செய்யப்பட்டு, இன்று நகரங்களின் அடுப்புகளில் நேரடியாக ஏறுகின்றன. நம் வீடுகளில் பெண்கள் கையாலேயே போட்ட மண்ணடுப்பும், நெல் கொட்டிவைத்த மண்குதிரும் அன்றாடப் பொருள்கள்தாமே.

பெண்கள் என்ற சொல் இங்கே திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. இந்தியாவின் பெரும்பகுதியில் குயவர் வீட்டுப் பெண்கள் சக்கரத்தைத் தொடக்கூடாது என்ற வழக்கம் இருந்தது. மண் பிசைவது, தட்டுவது, பூச்சு கொடுப்பது, சூளைக்கு அடுக்குவது அவர்கள் பங்கு. சக்கரத்தில் உட்காருவது ஆணின் உரிமை. சக்கரமே இல்லாத இடங்களில் பல ஊர்களின் தொழில் முழுதும் பெண்கள் கையில் இருந்தது. சக்கரத்தை உயர்ந்ததாகவும் கைவேலையை எளியதாகவும் தரம் பிரித்ததில் இந்தப் பாகுபாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வேகத்துக்கும் பங்கு உண்டு. ஒரே அளவுச் சட்டிகளைச் சந்தைக்கு நூற்றுக்கணக்கில் அனுப்ப வேண்டுமென்றால் சக்கரத்துக்கு ஈடு இல்லை. அதை மறுக்க முடியாது. வேகம் சந்தைக்கு நல்லது என்பதால் அதுவே திறமையின் அளவுகோல் என்று கொண்டதுதான் பிழை.

இந்த அளவுகோல் உடைந்த கதை ஒன்று நைஜீரியாவில் நடந்தது. ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ, பெர்னார்ட் லீச்சின் மாணவர், 1950களின் தொடக்கத்தில் அபுஜாவில் ஒரு மண்பாண்டப் பயிற்சி நிலையத்தை அமைத்தார். சக்கரமும், பளபளக்கும் மெருகுப் பூச்சும், உயர்வெப்பச் சூளையும் கற்றுக்கொடுத்து உள்ளூர்த் தொழிலை உயர்த்துவது திட்டம். அபுஜா எமிரின் அரண்மனையில் அவர் கண்ட நீர்க்குடங்கள், க்வாலி ஊரைச் சேர்ந்த லாடி க்வாலி கையால் செய்தவை. 1954இல் லாடி அந்த நிலையத்தில் சேர்ந்தார். அங்கு சேர்ந்த முதல் பெண் அவரே. சக்கரமும் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது அவருடைய பழைய முறைதான்: ஒரு மண்கட்டியில் கையால் குழி போட்டு, சுவரை மேலே இழுத்து, திரிகளை வைத்து உயர்த்தி, பானையைச் சுற்றிப் பின்னோக்கி நடந்தபடியே அதை உருண்டையாக்கி, பல்லியும் பாம்பும் மீனும் கோட்டுருவமாகக் கீறுவது. லண்டனில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது வாங்க ஆள் இருந்தது. இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் லாடி க்வாலியின் உருவம் இருக்கிறது. கற்றுக்கொடுக்க வந்த நிலையம், அவர் இறந்த காலத்தை ஒட்டி அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

கார்டியூவின் ஆசிரியரான லீச் 1940இல் எழுதிய நூல்தான் இருபதாம் நூற்றாண்டுக் கலைக்குயவர்களில் பெரும்பாலோருக்குப் பாடநூல். அவருடைய வழியில் சக்கரத்தில் வனைந்த கிண்ணமும் குடமும் மையம். நம் பயிற்சிக்கூடங்களின் வரிசையும் அந்த மரபின் நிழலில் வளர்ந்ததுதான். ஆயினும் அந்த மரபுக்குள்ளிருந்தே கைக்குத் திரும்பியவர்கள் உண்டு. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் இந்தியா முழுதும் இருக்கிறார்கள். மீக்கர் பின்னாளில் பச்சைமண் செங்கலால் முழு வீட்டையே கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டார். பிறகு ஆளை மிஞ்சும் மண்சிற்பங்களுக்குப் போனார். நின்ற இடத்திலேயே சுடும் அந்த வழி நம் குதிரை வேளார்களுக்குப் புதிதல்ல. அரசு உதவிகள் மட்டும் இன்னும் சக்கரத்தையே சுற்றுகின்றன. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் குயவர்களுக்கு மின்சக்கரம் வழங்கிவருகிறது. சட்டியும் விளக்கும் செய்கிறவர்களுக்கு அது உடல்நோவைக் குறைக்கும் நல்ல உதவி. குதிரை செய்கிறவருக்கு அதனால் ஆகப்போவது குறைவு. அவருக்கு வேண்டியது கண்மாய் மண், காயவைக்க இடம், வேலை கொடுக்கும் ஊர்.

இவ்வளவையும் புதிதாகத் தொடங்குகிறவர் எப்படி எடுத்துக்கொள்ளலாம்? கிள்ளுவது, திரி அடுக்குவது, தகடு ஒட்டுவது என்ற மூன்றும் சக்கரத்துக்குக் கை பழக்கும் பயிற்சி என்று நினைத்தால் அவற்றின் பிரச்சினைகளே கண்ணில் படாது. கையால் கட்டுவதன் கடினம் உருவத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, கீழ்ப்பகுதி இறுகும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது, இரண்டு துண்டுகளை ஒட்டும்போது இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கச் செய்வது, முடிந்ததை வெயிலில் வைக்காமல் துணி மூடி மெல்லக் காயவிடுவது — தொடங்குகிறவர்களின் கலங்கள் உடைவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று தவறுவதால்தான். சூளையில் வெடிப்பதற்கும் காரணம் அதுவே: தடித்த இடத்தில் தங்கிய நீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகி வழி தேடுகிறது. பையில் வாங்கும் வழவழப்பான களிமண்ணோடு சுட்டமண் தூளையோ பொடிமணலையோ சேர்த்தால் பெரிய வேலைக்கு அது தாங்கும். வேளார்கள் உமி சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். முதல் கிண்ணம் கோணலாக வந்தால் கவலையில்லை; ஒரே கனத்தில் வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிண்ணம் கைக்கு வந்ததும் சக்கரத்துக்கு ஓட வேண்டாம். திரியடுக்கி முழங்கால் உயரத்துக்கு ஒரு குடம் எழுப்பிப் பாருங்கள். சக்கரத்தில் அந்த உயரத்தை எட்ட வருடங்கள் பிடிக்கும். கையால் என்றால், பொறுமை இருந்தால் தொடங்கிய ஆண்டிலேயே முடியும்.

சுடுமண் குதிரைகள் குறைந்துவருகின்றன. பல ஊர்களில் ஐயனாருக்குச் சிமெண்டுக் குதிரை வந்துவிட்டது: ஒருமுறை கட்டினால் போதும், ஆண்டுக்கு ஆண்டு செலவில்லை, எனாமல் பெயிண்ட் அடித்தால் பளிச்சென்று இருக்கும் என்பது காரணம். செலவுக் கணக்கு சரிதான். ஆனால் மண்குதிரை உடைந்து கரைவதும், அடுத்த புரவி எடுப்புக்குப் புதிது எழுவதும் அந்த வழிபாட்டின் ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் தலைமுறை தலைமுறையாக வேளார்களின் கைக்கு வேலை கொடுத்து அறிவைக் காத்தது. குதிரை செய்யும் அறிவு எந்தப் பாடநூலிலும் முழுதாக இல்லை. பத்து ஆண்டு யாரும் கேட்காவிட்டால் அந்த ஊரில் அது போய்விடும். மண்வேலை கற்கிறவர்கள், புரவி எடுப்புக்கு முன்பே, குதிரை ஈரமாக நிற்கும் நாட்களில் வேளார் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டால் காட்டுவார்கள். ஊரைவிட்டு வெளியே வேலை பார்த்துக் கோயிலுக்கு வரி அனுப்புகிறவர்கள், அடுத்த கூட்டத்தில் சிமெண்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பிடிமண்ணை வேளாரிடம் கொடுங்கள்.